புதன்கிழமை விமானம்

ஆனி மாதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பள்ளி திறந்து, புத்தகங்கள் கொடுத்து, ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கெல்லாம் நான் பழுப்புத்தாள் அட்டை போட்டு முடித்திருந்தேன். புதன்கிழமை என்பதிலும் சந்தேகமில்லை. புதனன்று ராகுகாலம் நண்பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. எங்கள் குடும்பம் மாட்டிக்கொண்டது அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். தேதி மட்டும் நிச்சயமில்லை. எங்கள் ஏரி எப்போது கடைசியாக நிரம்பி வழிந்தது, தெருவுக்கு எப்போது சிமெண்ட் போட்டார்கள் என்பதற்கெல்லாம் நாலு பேரைக் கேட்டுத் தேதி குறித்து வைக்கிறவள் நான். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையை நான் தாங்க வேண்டியிருக்கும்.

அன்றைக்குச் சித்தப்பா மஸ்கட்டுக்கு விமானம் ஏற வேண்டும். அவர் என் அப்பாவின் ஒரே தம்பி. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். சித்தப்பாவுக்கும் அவர்தான் ஏறக்குறைய அப்பா. உத்திரமேரூரில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த கையோடு கூடுவாஞ்சேரியில் பெண்ணும் கிடைத்தது. தட்டு மாற்றியாகிவிட்டது. முதல் லீவில் வந்ததும் கல்யாணம் என்று பேச்சு. பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பார்த்துச் சம்மதித்தாரா, மஸ்கட்டைப் பார்த்துச் சம்மதித்தாரா என்று அம்மா அடிக்கடி கேட்பாள். வேலை, கல்யாணம் இரண்டும் அந்த ஒரு விமானத்தில்தான் ஏறியிருந்தன என்பது எனக்கே தெரியும்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே சித்தப்பாவின் நண்பர்கள் இரண்டு பேர் இரண்டு நாள் முன்பே ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் சித்தப்பா தன் வாழ்நாளில் போட்டிராத கோட்டைப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியுடன் நின்றார். பின்னால் ஒரு விமானம் அவர் தோளில் வந்து உட்காரப் போவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வரிசையாக வாழ்த்துகிறவர்களின் தலைகள். ஓரத்தில் ஒரு நட்சத்திரத்துக்குள் என் தலையும் இருந்தது. பள்ளி அடையாள அட்டைக்காக எடுத்த படம். ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்திருக்கும். ஆனாலும் அந்த இரண்டு நாளும் வேலை இல்லாமலே நான் கடைத்தெரு வழியாகப் போய் வந்தேன்.

விமானம் மாலை ஐந்து மணிக்கு. இரண்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும், நாலு மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். நாங்கள் காலை எமகண்டம் முடிந்த உடனேயே, ஒன்பது மணிக்கு, வேன் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். காரணம், பெண் வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: மாப்பிள்ளை எங்கள் வாசலை மிதிக்காமல் விமானம் ஏறக் கூடாது.

"காபி குடிச்சிட்டு பன்னெண்டுக்குள்ள எழுந்துடணும். ஒரு மணிக்கெல்லாம் ஏர்போர்ட்ல குந்திக்கினு இருக்கலாம்" என்றார் நைனா.

"பெருங்களத்தூர மட்டும் தாண்டிட்டா கவல இல்லண்ணா" என்றார் வேன் ஓட்டுநர்.

புதன்கிழமை வடக்கே சூலம். நாங்கள் போவதோ வடகிழக்கு. சூலத்துக்குப் பரிகாரமாகப் பால் குடித்துவிட்டுப் போனால் சரி என்று நைனா பஞ்சாங்கத்தில் பார்த்துச் சொன்னார். பயணம் போகிறவர் குடித்தால் போதும். அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் கொடுத்தாள். நான் ஒரு பெரிய டம்ளர் குடித்தேன். சாலவாக்கம் வருவதற்குள் அந்தப் பால் முழுவதையும் சித்தப்பாவின் புது பேன்ட்டின் மேல் வாந்தி எடுத்தேன்.

சித்தப்பா கோபிக்கவில்லை. வண்டியை நிறுத்தி, பாட்டில் தண்ணீரால் முதலில் என் முகத்தைக் கழுவினார், பிறகு தன் காலை. "சூலம் பாப்பாவத்தான் குத்திச்சி" என்று அவருடைய நண்பர்களில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாலாற்றுப் பாலத்தில் வண்டியை மறுபடி நிறுத்த வேண்டியிருந்தது.

கூடுவாஞ்சேரியில் பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை ஒரு கால் நனைந்தவராக, லேசாகப் புளித்த பால் வாசனையுடன் இறங்கினார். ஆரத்தி எடுக்க வந்த அம்மாள் மூக்கைச் சுளித்ததை நான் பார்த்தேன். அந்தச் சுளிப்புக்குக் காரணம் நான்தான் என்று தோன்றியது.

"இன்னா மாப்ள இது? கயட்டிக் குடுங்க, ரெண்டு நிமிஷத்துல அலசிக் காய வச்சிடலாம்" என்றார் பெண்ணின் அப்பா. நைனா அவரைச் சம்பந்தி என்பார். பருமனான, குரல் உயர்ந்த மனிதர். பெட்டியில் வேறு பேன்ட்டுகள் இருந்தன. ஆனால் பெட்டியை வீட்டிலேயே எடை பார்த்து, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, வேன் மேல் ஏற்றி, தார்ப்பாய் மூடியிருந்தோம். கட்டின பெட்டியை நடுவழியில் அவிழ்ப்பதாவது என்று இரு வீட்டாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சித்தப்பா சம்பந்தியின் எட்டு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். பேன்ட்டை அலசி, இஸ்திரி போட்டு உலர்த்திவிடலாம் என்று பெண் உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அப்போது கரண்ட் போயிற்று. அந்த நாட்களில் அது ஊருக்கு ஊர் நேரம் வைத்துப் போகும்.

பேன்ட்டைக் கொடியில் போட்டார்கள். மேகமூட்டம். நைனா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொடியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் இருக்கும்போது சித்தப்பா எழுந்தார்.

"ஈரமா இருந்தா இன்னா? போட்டுக்கினு போனா வண்டியிலயே காஞ்சிடும்."

சம்பந்தியின் முகம் மாறிவிட்டது. "இன்னா மாப்ள பேசறீங்க? ஈரத்துணியோட என் வூட்டு வாசப்படி தாண்டுவீங்களா? நல்ல காரியத்துக்குப் போறவரு கட்டுற துணியா அது?"

ஈரத்துணியோடு ஒரு வீட்டிலிருந்து எப்போது வெளியே வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா மறுபடி உட்கார்ந்தார். பன்னிரண்டு அடித்தது.

"ஆச்சி. இனிமே ஒன்றரைக்குத்தான்" என்று சம்பந்தி பெருமூச்சு விட்டார். அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. "இலை போடச் சொல்றேன்."

ஒன்றரை மணிக்குக் கிளம்பினாலும் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் நைனா இலையில் உட்கார்ந்தார். சாப்பாடு நன்றாக இருந்தது. சித்தப்பாவுக்கு இனிப்பு பிடிக்காது. எங்கள் வீட்டில் பொங்கலுக்குக்கூட அவர் சர்க்கரைப் பொங்கலைத் தொட மாட்டார். அன்றைக்கு இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தார். மூன்றாவது முறையும் சமையலறை வாசலைப் பார்த்து டம்ளரை நீட்டினார். மணியாகிறது, இவருக்கு இப்போது என்ன பாயசம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒன்றரைக்குப் பேன்ட் காய்ந்திருந்தது. பிறகு வெற்றிலை பாக்கு. பிறகு பெண்ணின் அத்தை நந்திவரத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறாள், அவள் கையால் விபூதி வாங்கிக்கொண்டு போகட்டும் என்றார்கள். அவள் வந்தாள். பிறகு வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். "அவசரம்" என்ற சொல்லை நைனா ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டில் அவசரப்பட்டால் மரியாதைக் குறைவு என்று அவர் நினைத்தார். நாங்கள் கிளம்பியபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

பெருங்களத்தூரில் வேன் நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கிச் சாலையில் நின்று சோம்பல் முறிக்கும் அளவுக்கு நின்றது. முன்னால் எங்கோ ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் வண்டிகளுக்கு நடுவே சாவகாசமாக நடந்தார்கள். சாலையை ஒட்டியே ரயில் பாதை. மின்சார ரயில் ஒன்று தாம்பரம் பக்கம் போயிற்று. சிறிது நேரத்தில் இன்னொன்று. அதன் ஜன்னலில் ஒரு பெண் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாரி முடிப்பதற்குள் அவள் மறைந்துவிட்டாள்; நாங்கள் அதே வெள்ளரிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில்தான் இருந்தோம்.

"அண்ணே, நான் எறங்கி ஸ்டேஷனுக்குப் போய்டறேன். திரிசூலத்துல எறங்கினா எதிர்லதான் ஏர்போர்ட்டு" என்றார் சித்தப்பா.

"இன்னாடா பேசற? பொட்டியத் தலைல வச்சிக்கினு எலக்ட்ரிக் ட்ரெய்ன்ல தொங்கிக்கினு போவியா? அதுக்கா வேன் புடிச்சோம்?"

"டைம் ஆவுதுண்ணே."

"சம்பந்தியோட மச்சான் ரயில்வேலதான் கீறாரு. யார்னா பாத்துட்டு, உங்க மாப்ள பொட்டியோட கூட்டத்துல நசுங்கிக்கினு போனாருன்னு சொன்னா அசிங்கம்."

"அவரு சொல்றதும் கரீட்டுதாண்ணா. இது இப்போதைக்கு நவுராது" என்றார் ஓட்டுநர்.

"நீ வண்டியப் பாருப்பா."

"வண்டி எங்கண்ணா போவுது, பாக்கறதுக்கு?"

சித்தப்பா எழுந்து கதவின் பிடியில் கை வைத்தார். நைனா அவரைப் பார்த்தார். சித்தப்பா கையை எடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். "கொயந்தைக்கு யாரு பாலக் குடுத்தது?" என்று நைனா திடீரென்று கேட்டார். "பஞ்சாங்கத்தப் பாத்தது யாரு?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு, இன்னொரு முறை வாந்தி மட்டும் வந்துவிடக் கூடாது என்று எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

தாம்பரத்தில் ஊர்ந்து, குரோம்பேட்டையில் நின்று, பல்லாவரத்தில் மறுபடி நின்று, விமான நிலையத்தை அடைந்தபோது நாலு மணியாகிச் சில நிமிடங்கள். நண்பர்கள் பெட்டியை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தார்கள். சித்தப்பா நைனாவின் காலைத் தொட்டார். அம்மாவின் காலைத் தொடப் போனவரை "போ போ" என்று அவள் தள்ளினாள். அவர் ஓடினார். வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலரிடம் தாள்களை நீட்டினார். அவர் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

"போய்ட்டான்" என்றாள் அம்மா.

உள்ளே விட்டுவிட்டார்கள் என்றால் விமானத்தில் ஏறிவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். எங்களில் யாரும் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. வந்தது வந்தோம், விமானம் புறப்படுவதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றோம். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெடுநேரத்துக்குப் பிறகு அவர் சிரித்தார்.

ஐந்து மணி வாக்கில் கட்டடத்துக்கு மேலே ஒரு விமானம் எழும்பியது.

"அதான்" என்றார் நண்பர்களில் ஒருவர். "கலரப் பாரு, அதேதான்."

அம்மா முந்தானையை எடுத்து ஆட்டினாள். நைனா துண்டை ஆட்டினார். நான் இரண்டு கைகளையும் தூக்கி, அது புள்ளியாகும் வரை கையசைத்தேன். எந்த ஜன்னல் என்று தெரியாததால் எல்லா ஜன்னலுக்கும் சேர்த்து அசைத்தேன். கை வலித்துத் திரும்பியபோது, எங்களுக்குப் பின்னால் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. நாங்கள் கையசைத்ததை அவர் பார்த்திருக்கிறார் என்பது மட்டும் முகத்திலிருந்து தெரிந்தது.

"அதுக்குள்ள போய்ட்டு வந்துட்டியா சித்தப்பா?" என்று நான் உரக்கக் கேட்டேன்.

பக்கத்தில் யாரையோ வழியனுப்ப வந்திருந்த குடும்பம் ஒன்று சிரித்தது. அவர்களில் ஒரு பையன் நான் சொன்னதைத் தன் அம்மாவிடம் திரும்பச் சொல்லிச் சிரித்தான். அம்மா என் கையைக் கிள்ளினாள். இப்போதும் எந்த விமான நிலையத்துக்குப் போனாலும் அந்தச் சிரிப்பு வாசலிலேயே காத்திருந்து என்னோடு உள்ளே வருகிறது.

"கவுன்ட்டர மூடிட்டாங்கண்ணே" என்றார் சித்தப்பா.

திரும்பும் வழியில் சாலை காலியாக இருந்தது. ஏஜென்ட் போனில் திட்டியது வேன் முழுவதும் கேட்டது. விசா இன்னும் செல்லும், வேறு டிக்கெட் பார்க்கிறேன், ஆனால் இதற்கும் வரவில்லையென்றால் வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள் என்று கடைசியில் சொன்னார். நைனா "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னார். பேசி வைத்த உடனே போன் மறுபடி அடித்தது. சம்பந்தி.

நைனா போனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுத்தார்.

"ஆங், சம்பந்தி. ஏறிட்டான். கெளம்பிடிச்சி. நாங்கதான் பாத்தமே, கை கூடக் காட்டினோம்."

அவருக்குப் பக்கத்து சீட்டில் சித்தப்பா இருந்தார். அவர் ஜன்னல் வழியாகக் கூடுவாஞ்சேரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் அப்போது அந்த ஊரைத்தான் தாண்டிக்கொண்டிருந்தது.

நைனா ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு அம்மாவிடம் விளக்கினார். உண்மையைச் சொன்னால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டால்தான் விமானம் தவறியது என்று குத்திக்காட்டியதுபோல் ஆகும். சொல்லாமல் விட்டால், முதல் காரியமே தடைப்பட்ட மாப்பிள்ளை என்று அவர்கள் யோசிக்க ஆரம்பிப்பார்கள். ஊரிலோ ஃபிளெக்ஸ் இருக்கிறது. அதனால் அடுத்த டிக்கெட் வரும்வரை சித்தப்பா மஸ்கட்டில் இருக்க வேண்டியது. செங்கல்பட்டு தாண்டி ஒரு சாலையோர அம்மன் கோயிலில் வண்டியை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, நண்பர்கள் இருவரும் ஓட்டுநரும் யாரிடமும் சொல்வதில்லை என்று கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

"வண்டில நடந்தது வண்டியோட போச்சிண்ணா" என்றார் ஓட்டுநர். கற்பூரம் அணைத்த பிறகு ஒரு ரகசியம் வெளியே போக முடியாது என்று நான் நம்பினேன்.

வேன் பேருந்து நிலையம் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வந்தது. நன்றாக இருட்டிய பிறகு சித்தப்பாவையும் பெட்டியையும் எங்கள் கழனியில் பம்ப்செட் ரூமில் இறக்கிவிட்டார்கள். ஊரில் சொல்வதற்கு வார்த்தைகளை நைனா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். வெயில் அதிகம். சாப்பாடு பரவாயில்லை.

மறுநாளிலிருந்து பள்ளிப் பையில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு கழனிக்குப் போவது என் வேலை. மஸ்கட் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சித்தப்பா பாய் விரித்திருந்தார். கொசு கடித்துக் கை காலெல்லாம் தடித்திருந்தது. சாயங்காலம் போனால் வரப்பில் பனைமரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருப்பார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். ஏஜென்ட்டிடம் பேசுகிறார் என்று நினைத்தேன். "இன்னிக்கி இன்னா சமையலு?" என்று தணிந்த குரலில் கேட்டுச் சிரித்தார். ஏஜென்ட் வீட்டுச் சமையல் இவருக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

பள்ளியில் டீச்சர் என்னை எழுந்து நின்று விமான நிலையத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். விமானம் பறந்ததைச் சொன்னேன். கையசைத்ததைச் சொன்னேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு முகம் எரிந்தது. வீட்டுக்குப் போகும்போது ஃபிளெக்ஸ் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனேன். அந்த நட்சத்திரத்துக்குள்ளிருந்து அவிழ்ந்த ரிப்பனோடு ஒரு பொய்க்காரி என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஒரு நாள் சித்தப்பா ஷேவிங் பிளேடு வாங்கி வரச் சொன்னார். கடைத்தெருவில் பாய் கடைக்குப் போனேன். அந்தக் கடையில்தான் எங்கள் வீட்டுக்கு மாதச் சாமான் வாங்குவோம்.

"யாருக்கு பாப்பா பிளேடு? உங்க நைனா சலூனுக்குத்தான போவாரு?" என்றார் பாய்.

நைனா சொல்லிக் கொடுத்த வார்த்தைகளில் பிளேடு இல்லை.

"பென்சில் சீவறதுக்கா? சரி சரி" என்று அவரே சொல்லிக்கொண்டார். "சித்தப்பா போன் பண்ணாரா?"

"பண்ணாரு. வெயிலு ஜாஸ்தியாம்."

"இருக்கும். கொசு எப்படி கீதாம்?"

நான் யோசித்தேன். "கொசு நெறைய கீதாம்."

பாய் திரும்பி மேல் தட்டிலிருந்து ஒரு கொசுவர்த்திப் பெட்டியை எடுத்து, பிளேடோடு சேர்த்துப் பொட்டலம் கட்டினார். "இத எடுத்துக்கினு போ. யார்னா அந்தப் பக்கம் போறவங்க இருந்தா குடுத்து அனுப்பச் சொல்லு. இதுக்குக் காசு வாணாம், நான் குடுத்ததா இருக்கட்டும்."

கழனிக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. இவ்வளவு பெரிய கடை வைத்திருக்கிறவருக்கு மஸ்கட் கடலுக்கு அப்பால் இருக்கிறது என்பதுகூடத் தெரியவில்லை. சித்தப்பாவிடம் நடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பொட்டலத்தை வாங்கி, கொசுவர்த்திப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேற யாரு இன்னா கேட்டாங்க பாப்பா?"

யோசித்துச் சொன்னேன். பக்கத்துக் கழனிக்காரர் இப்போதெல்லாம் நம் வரப்பில் ஏறும்போதே சத்தமாக இருமுகிறார், சளி பிடித்திருக்கிறதுபோல என்றேன். சித்தப்பா "ம்" என்றார். நான் கிளம்பும்போது, "நைனா கிட்ட இதெல்லாம் சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை.

டிக்கெட் வந்தது. இந்த முறை நைனா பஞ்சாங்கத்தைக் கையில் எடுக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை, பத்தரை மணிக்கு மேல், சுத்தமான ராகுகாலத்தில் கிளம்பினோம். சித்தப்பா மட்டும் பேருந்தில் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில். விமானம் இரவுக்குத்தான். பேருந்து நிலையத்தில் ஏறினால் ஃபிளெக்ஸுக்கு நேர் கீழே ஏற வேண்டும் என்பதால், வரப்பு வழியாக நடந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போனோம். நைனாவும் சித்தப்பாவும் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். அன்று எனக்கு ஏதோ விடுமுறை.

பேருந்து வந்து நின்றது. எல்லாம் எங்கள் ஊர் முகங்கள். எங்கள் டீச்சர் இருந்தார். கடைக்குச் சரக்கெடுக்கப் போகும் பாயின் மகன் இருந்தார். பக்கத்துக் கழனிக்காரர் தன் மனைவியோடு முன் சீட்டில் இருந்தார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். நைனாவின் கை பெட்டியின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

சித்தப்பா படியில் ஏறினார். அதே நொடியில் டீச்சர் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். பாயின் மகனும் அந்தப் பக்கமே பார்த்தார். கழனிக்காரர் மனைவிக்கு எதையோ விரல் நீட்டிக் காட்ட, பின்னால் இருந்தவர்களும் அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டார்கள். பேருந்தில் ஒரு முகம்கூட எங்கள் பக்கம் இல்லை. வறண்ட ஏரியைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. வழக்கமாகச் சித்தப்பாவைப் படியில் பார்த்தாலே பெயர் சொல்லிக் கேலி பேசுகிற கண்டக்டர், பெட்டியை வாங்கி உள்ளே இழுத்து வைத்துவிட்டு, "எங்க சார் போவணும்?" என்று கேட்டார். "செங்கல்பட்டு" என்றார் சித்தப்பா. கண்டக்டர் விசில் கொடுத்தார்.

புழுதி அடங்கியதும் நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எனக்கோ கோபம் கோபமாக வந்தது. எத்தனை பேர் வீட்டு மோட்டாரைச் சித்தப்பா பழுது பார்த்திருப்பார்.

"பாத்தியா நைனா? ஒருத்தருக்குக்கூட சித்தப்பாவ அடையாளம் தெரியல" என்றேன்.

"ஆமாம்மா" என்றார் நைனா துண்டுக்குள்ளிருந்து. "தெரியல."

இத்தனை சீக்கிரம் ஒருவரை மறந்துவிடுகிறார்களே, இப்படி நன்றி கெட்ட ஊரும் இருக்குமா என்று நினைத்துக்கொண்டே நான் வரப்பில் அவருக்கு முன்னால் நடந்தேன்.